ஹாரன் இல்லாத வண்டி

எதிரே யாரும் வரவில்லை என்பதை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? கண்ணால் பார்த்து என்று உடனே சொல்லிவிடலாம். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பதில் செல்லாது. கண் பாதி வழியிலேயே பாறையில் முட்டிக்கொள்ளும். மீதிக்குக் காதுதான். காதுக்கும் எட்டாத கொஞ்சம் எப்போதும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை நம்பித்தான் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். கோகிலவாணி இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவள் அல்ல. அவள் நாட்கள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

மலைமேல் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; பெரக்கரை நாட்டில் அவளுக்கு வீடு. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், அதற்குக் கீழே மரவள்ளி, வாசலில் ஒரு பிக்கப் வண்டி. வண்டியை வாங்கியது அவள் புருஷன் தமிழ்செல்வன். முதலில் ஓட்டியதும் அவன்தான். ஆனால் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதனுக்கு வளைவு ஒத்துக்கொள்ளவில்லை. நாலைந்து வளைவு திரும்புவதற்குள் முகம் வெளுத்து, வண்டியை ஓரம் கட்டி, பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். பலாப்பழ மூட்டை கீழே அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். ஒருநாள் கோகிலவாணி, "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவனுக்கு வாந்தி வந்தது. அதன் பிறகு அவன் வீட்டில் இருந்தான், அவள் வண்டியில் இருந்தாள். இருவருக்கும் அது பொருந்திப்போயிற்று.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. பாரத்தோடு ஏறும் வண்டி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் வந்த வழக்கம். இறங்குகிறவர் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். கீழிருந்து பதில் ஹாரன் வந்தால் ஓரமாக நின்று வழி விட வேண்டும். வராவிட்டால் போகலாம். பிக்கப்பின் ஹாரன் ஒரு மழைக்காலத்தில் கெட்டுப்போனபோது, தமிழ்செல்வன் ஸ்டீயரிங்கின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானை வைத்து ஒயரை இழுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் இடது கட்டைவிரலுக்கு அதுதான் வேலை. விரல் அமுக்கும். கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து லேசாக எழும். ஒரு மூச்சு நேரம் கேட்பாள்.

அந்த ஒரு மூச்சில் அவளுக்கு நிறையக் கேட்கும். மூங்கில் உரசுவது, பாறையில் நீர் கசிவது, எங்கோ யாரோ ஆட்டை அதட்டுவது. இவற்றுக்கு நடுவே வேறு வண்டியின் சத்தம் இல்லை என்றால், மலையே 'ஆருமில்ல, வா' என்று சொன்னது போல அவள் இறங்குவாள். மௌனத்தை அவள் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டாள். அவளை அபாரமான ஓட்டுநர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளைவிட வேகமாக இறங்குகிறவர்கள் அந்த மலையில் உண்டு. அவளிடம் பதற்றம் இல்லை, அவ்வளவுதான். பதற்றமில்லாத வண்டி சில நேரம் வேகமாகவும் போய்விடுகிறது.

மாசி மாதத்தில் ஒருநாள் அருவி பார்க்க வந்துவிட்டுத் திரும்பிய ஒரு கார், மேலிருந்து காரவள்ளி வரை அவள் வண்டியின் பின்னாலேயே வந்தது. டீக்கடை முன்னால் இரண்டும் நின்றன. காரிலிருந்து இறங்கிய பெண்ணின் பெயர் ஜெனிபர். கோயம்புத்தூரில் ஒரு கார் பந்தய அணியை நிர்வகிப்பவள்.

"அக்கா, உங்க பிரேக் லைட் எரியவே இல்ல. பல்பைப் பாருங்க" என்றாள்.

"எரியுமுங்க. மிதிச்சா எரியும்."

ஜெனிபர் வாங்கிய டீயைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். சக்கரங்களைப் பார்த்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். தென் மாநிலங்களுக்கான ஒற்றை இருக்கை கார் பந்தயத் தொடர் ஒன்று ஆவணியில் தொடங்குகிறது. அவள் அணிக்கு இரண்டு கார். ஒன்றுக்கு ஆள் இருக்கிறான். இன்னொன்று காலி. அதற்கு ஓட்டிப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வருகிறார்கள், மூன்றாவதாக வர முடியுமா?

டீக்கடையில் இருந்த லாரிக்காரர் ஒருவர், "போ கண்ணு, பலாப்பழத்த ஏத்தாம ஒருதரம் ஓட்டிப் பாரு" என்றார். சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தாள். வீட்டுக்கு ஏறும்போது எல்லா வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

பங்குனியில் தமிழ்செல்வனும் அவளும் கோயம்புத்தூர் போனார்கள். பஸ்ஸில் அவன் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தான். நகரத்துக்கு வெளியே, புல்வெளிக்கு நடுவே தடம் சுருண்டு கிடந்தது. காரைப் பார்த்ததும் தமிழ்செல்வன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "கழனித்தொட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரியில்ல இருக்குது" என்றான்.

"மெல்லப் பேசுங்க. அவங்களுக்குக் கேக்கப் போவுது."

தொட்டியேதான். படுத்த வாக்கில் உள்ளே இறங்க வேண்டியிருந்தது. தோளையும் இடுப்பையும் பட்டை போட்டு இறுக்கினார்கள். தலைக்கு ஹெல்மெட். கண்ணுக்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ரோடு. வேறொன்றும் இல்லை. பாரம் இல்லை, பக்கத்து இருக்கை இல்லை, பள்ளம் இல்லை. ரோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் முதல் சுற்றை மெதுவாகத்தான் ஓட்டினாள். இரண்டாவது சுற்றில் ஏதோ அவிழ்ந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வந்தாள்; ஆனால் அது முன்பு விட்டுப்போன இடமாகத் தெரியவில்லை. வெயிலில் தார் நீர் போல மினுங்கியது. வளைவுகள் அவளிடம் வந்தன, திரும்பிக்கொண்டன, பின்னால் போயின. உறக்கத்தில் ஓட்டுவது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அவள் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

தடத்தோரக் கொட்டகையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அணியின் இன்ஜினியர் ஓம்பிரகாஷுக்கு மட்டும் ஒரு தொந்தரவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் காதில் 'டிக்' என்று ரேடியோ திறந்தது. ஒரு மூச்சு கேட்டது. மூடிக்கொண்டது.

"வாணி, பட்டனை ஏன் அமுத்திக்கிட்டே இருக்கீங்க? ஏதாவது சொல்லணுமா?"

"ஆரனுங்க."

"அது ஆரன் இல்லீங்க, ரேடியோ. எங்ககிட்ட பேசறதுக்கு. இந்த வண்டிக்கு ஆரனே கிடையாது."

அவள் ஒரு வளைவைத் திரும்பி முடித்தாள். பிறகு, "அப்ப எதுக்க வாரவங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"எதுக்க யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க."

"தெரியுமுங்க" என்றாள். அடுத்த வளைவில் மறுபடி 'டிக்'.

தெரியும் என்பது எங்கே இருக்கிறது என்பதுதான் சங்கடம். அவள் தலைக்குத் தெரிந்திருந்தது. கட்டைவிரலுக்கும் காலுக்கும் தெரியவில்லை. விரல் அமுக்கியதும் கால் எழுந்தது, வண்டி ஒரு கணம் தொய்ந்தது, அவள் கேட்டாள். ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மலையில் அவளுக்குப் பதில் சொன்ன மௌனம் இங்கே இல்லவே இல்லை. பதிலுக்காக நின்று, பதில் கிடைக்காமல், மனமில்லாமல் திரும்பினாள். ஒவ்வொரு வளைவிலும் நேரம் சிந்தியது.

ஓம்பிரகாஷ் கரூர்க்காரர், அவள் பேச்சு அவருக்கும் பழகிய பேச்சு. தாளில் பென்சிலைத் தட்டிக்கொண்டு இரண்டு சுற்று யோசித்தார். அடுத்த 'டிக்' வந்ததும் ரேடியோவில் சொன்னார்: "ஆருமில்லீங்க, வாங்க."

கால் எழவில்லை. வண்டி வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

'டிக்.'

"ஆருமில்லீங்க, வாங்க."

பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "சார், அப்படியே விசிலும் ஊதி ரைட் குடுத்துருங்க, கண்டக்டர் வேலைக்குச் சேந்துரலாம்" என்றான். ஓம்பிரகாஷ் சிரிக்கவில்லை. திரையில் சுற்றின் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. வேலியோரம் தமிழ்செல்வன் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டு நின்றான்.

மாலையில் ஓம்பிரகாஷ் அவளிடம் சொன்னார். "நல்லதுன்னு சொல்ல மாட்டேன். பரவாயில்ல. ஆனா ஒண்ணு இருக்குதுங்க. இந்தத் தொடர்ல போட்டி அன்னைக்கு ரேடியோ கிடையாது. விதி. நான் பதில் சொல்ல முடியாது. வைகாசியில இன்னொரு தேர்வு, ரேடியோ இல்லாம. அதுல கால் எந்திரிக்காம ஓட்டுனா வண்டி உங்களுக்கு. எந்திரிச்சா மத்தவங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு."

திரும்பும் வழியில் பஸ்ஸில், கண்ணை மூடியிருந்த புருஷனிடம் அவள், "எனக்கு அது வேணுமுங்க" என்றாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே, "உன்ற மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் தனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

வைகாசியில் தேர்வுக்கு முன்னால் அவளைத் தடத்தில் பழக விட்டார்கள். ஸ்டீயரிங்கிலிருந்து பொத்தானைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வளைவு நெருங்கும்போது ஹெல்மெட்டுக்குள் தனக்குத்தானே, "ஆருமில்ல" என்று சொல்லிக்கொண்டாள். முதலில் சத்தமாக. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. சொல் எங்கோ உள்ளே இறங்கிக் காலோடு சேர்ந்துகொண்டது. கட்டைவிரல் ரப்பர் மூடியைத் தேடுவதை நிறுத்தியது. கேட்பதும் நின்றது. தடம் ஒரே நீளமான மூச்சாக ஆனது. அவள் அதற்குள் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பது இறங்கிய பிறகுதான் தெரியும்.

தேர்வில் அவள் முதலாவதாக வரவில்லை. மற்ற இருவரில் சென்னையிலிருந்து வந்தவன் ஒரு சுற்றில் அவளை முந்தியிருந்தான். ஆனால் அவனுடைய மற்றச் சுற்றுகள் கலைந்து கிடந்தன. இவளுடையவை ஒன்றைப்போல ஒன்று இருந்தன. ஓம்பிரகாஷ் மறுபடி "பரவாயில்ல" என்றார். ஜெனிபர், "அவர் வாயில அதுக்கு மேல வராதுக்கா" என்றாள். இடம் அவளுக்குத்தான். ஆனி கடைசியில் வந்து சம்மதம் சொல்லி, காருக்கு ஒரு எண்ணும் தேர்ந்தெடுத்துவிட்டால் சீசனுக்குப் பெயர் பதிந்துவிடலாம்.

அவள் மலைக்குத் திரும்பியபோது பலா உச்சத்தில் இருந்தது. மலையெங்கும் பழுத்த வாசம். காலையில் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. காரவள்ளி டீக்கடையில் அவளைக் கண்டதும், "ரேஸ் டிரைவர் வாராங்க, ஒதுங்குங்கப்பா" என்று இடம் விட்டார்கள். அவள், "ஒதுங்காட்டி ஏத்திருவேன்" என்று சொல்லி டீ வாங்கினாள். சும்மா சொன்ன பேச்சு.

நாலாம் நாள் காலை, வண்டி நிறையப் பலாப்பழத்தோடு இறங்கினாள். வளைவுகளில் கீழிருந்து மேலாக எண் எழுதிய பலகை நடப்பட்டிருக்கும். நாற்பத்தொன்று என்ற பலகை மேகத்துக்குள்ளிருந்து வந்து, பக்கவாட்டில் போனது. எந்தக் கனமும் இல்லாமல் வண்டி மிதந்தது. தார் ஈரத்தில் மினுங்கியது. அவளுக்குள் எங்கோ, அவள் சொல்லாமலே, அந்தச் சொல் வந்தது: ஆருமில்ல.

விரல் அமுக்கவில்லை. கால் எழவில்லை.

மேகத்திலிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வெளியே வந்தன. பிறகு பஸ்ஸின் முகம் முழுவதும் வந்தது. பஸ் பாறைப் பக்கமாகத் திரும்பி, உறுமி, நின்றது. அவள் வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கச் சுவரைத் தொட்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகலாம், அவ்வளவு இடம். கட்டு அவிழ்ந்து ஒரு பலாப்பழம் மட்டும் உருண்டு, பஸ்ஸின் அடியில் போய் நின்றது.

பஸ்ஸில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. வேறு சத்தமில்லை.

ஓட்டுநர் செங்கோட்டையன் இறங்கி வந்தார். ராசிபுரத்துப் பக்கம் சொந்த ஊர். பல வருஷமாக அந்த பஸ்ஸை ஏற்றி இறக்குகிறவர். கோகிலவாணியின் ஹாரனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துப் பதில் அடிப்பவர். அவர் அவளைத் திட்டவில்லை. அவள் ஜன்னலில் கையை வைத்தார்.

"ஆரன் அடிக்கலயே, கண்ணு. கெட்டுப்போச்சா?"

"இல்லீங்ணா. நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம்?"

அவள் முன்னால் பார்த்தபடியே, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஆருமில்லைன்னு நெனச்சுட்டேனுங்ணா" என்றாள்.

செங்கோட்டையன் திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள்.

"நாங்க இருக்கறமே, சாமி" என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு குனிந்து பஸ்ஸின் அடியிலிருந்து பலாப்பழத்தை இழுத்தெடுத்து, அவள் வண்டியில் வைத்துவிட்டு, ஏறிப் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மலை முழுவதும் விஷயம் பரவியது. அவள் ஹாரன் அடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் என்பது செங்கோட்டையனுக்கு மட்டும் தெரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அதன் பிறகு அவள் ஹாரனை நீளமாக அடித்தாள். நாற்பத்தொன்றாம் வளைவில் அடித்த பிறகும் வண்டியை முழுக்க நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கேட்டாள். பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து, "எறங்கித் தள்ளோணுமா?" என்றார்கள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மத்தியான உறக்கத்தில் அவள் வலது பாதம் அழுந்துவதையும் இடது கட்டைவிரல் அசைவதையும் தமிழ்செல்வன் மாறி மாறிப் பார்த்தான். ஒரே உடம்பு, இரண்டும் அதற்குத் தெரிந்திருந்தன. எப்போது எது விழிக்கும் என்பதற்கு அந்த உடம்பிடம் உத்தரவாதம் ஏதும் இல்லை. இதை ஒரு குறை என்று சொல்லிவிட முடியவில்லை. கற்றுக்கொள்வது என்பதே இப்படித்தான் போலும். சொல்லாமல் வரும்வரை அது நம்முடையதாவதில்லை, சொல்லாமல் வரும்போது நம் கையில் இருப்பதுமில்லை.

ஆனி முடியப்போகிற ஒரு காலையில், மேலே பஸ் நிற்கும் இடத்தில் செங்கோட்டையன் அவளிடம் கேட்டார்.

"கோயமுத்தூர் வேலைய உட்டுட்டயா கண்ணு?"

"இல்லீங்ணா."

"போறயா அப்ப?"

"தெரியலீங்ணா."

அவர் பஸ்ஸில் ஏறினார். அன்று முழுவதும் அவள் மிளகுக்கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மேகம் வந்து அவளை மூடியது; விலகியபோது அதே இடத்தில் இருந்தாள். சாயங்காலம் வந்து பிக்கப்பின் சாவியைத் தமிழ்செல்வன் கையில் கொடுத்தாள். சீசன் முடியும் வரை இந்த மலையில் வண்டி ஓட்டப்போவதில்லை என்றாள். அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை வாங்கிப் போட்டுட்டுப் போ" என்றான்.

மறுநாள் செங்கோட்டையனின் பஸ்ஸிலேயே மலை இறங்கினாள். ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோரம். அவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். இருவரும் கேட்டார்கள்.

கோயம்புத்தூர்க் கொட்டகையில் கார் புது நீல வண்ணத்தில் நின்றது. கோகிலவாணி சம்மதம் என்றாள். ஜெனிபர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காரின் மூக்கைக் காட்டினாள். அங்கே வெள்ளையில் எழுபது என்ற எண்ணை ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள்.

"உங்க மலைக்கு எழுபது வளைவுதானே அக்கா? பேப்பர்காரங்க இதையே தலைப்பாப் போட்டுருவாங்க. பிடிச்சிருக்கா?"

கோகிலவாணி சற்று நேரம் அதைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு போடுங்க."

"நாப்பத்தொண்ணா?" ஓம்பிரகாஷ் நிமிர்ந்தார். "அது என்ன, ராசி நம்பருங்களா?"

"இல்லீங்க. வேற ஆராச்சும் எடுத்திருக்காங்களா?"

ஜெனிபர் போனில் பார்த்துவிட்டு, யாரும் எடுக்கவில்லை என்றாள். "ஆனா ஏன்க்கா?"

கோகிலவாணி காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கட்டைவிரல் நகத்தால் எழுபதின் ஓரத்தை நெம்பி, கிழியாமல் மெதுவாக உரிக்கத் தொடங்கினாள்.